படிக்காமல் நீக்கப்பட்டவை

வூட்ச், போலந்து,
செப்டம்பர் 16

அன்பு மகள் லிட்காவுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், வைத்துக்கொள்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீதான் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாயே. ஆகஸ்ட் கடைசியில் நீ அனுப்பிய ஒற்றை வரியோடு சரி, "என்னோடதையும் சேத்தா அழிச்சே?" அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதிலில்லை. அப்பா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், அவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார், நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன். சரி, கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுகிறேன், காகிதத்தில் இருப்பதை ஒரு பொத்தானை அழுத்தி யாரும் இல்லாமல் செய்ய முடியாது. நீ கிழிக்கலாம். கிழிப்பதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி, அது ஒன்றுதான் நான் கேட்பது.

முதலில் வீட்டுச் சமாச்சாரம், இல்லாவிட்டால் அப்பா கேட்பார், அதை எழுதினாயா இதை எழுதினாயா என்று. வெள்ளரிக்காய் ஊறுகாய் இந்த வருஷம் பாதி ஜாடி கெட்டுப்போய்விட்டது, உப்புத் தண்ணீர் அடுப்பில் வற்றிக் கரித்துவிட்டது, அது ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். மாடிப்படி விளக்கு இன்னும் எரியவில்லை. அப்பா தினமும் குடியிருப்போர் சங்கத்துக்குப் போன் போட்டுக் கத்துகிறார், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநருக்குக் கத்துவதற்கு ஒரு இடம் வேண்டியிருக்கிறது. கீழ்வீட்டு போஜெனா கண் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறாள், பார்க்க வேண்டாததையும் சேர்த்து. போன வாரம் குளிருக்கு ஷூ வாங்கக் கடைக்குப் போனோம், கடைப்பெண் கொஞ்சம் ஹீல்ஸ் வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினாள், நான் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேனாம், அப்பாதான் அதை வாங்கித் திருப்பி வைத்தார். உனக்குத் தெரியும், என் அம்மா என்னை ஒருநாளும் ஹீல்ஸ் போட விட்டதில்லை. கல்யாணத்தன்று பதிவு அலுவலக வாசலில் மண்டியிட்டு என் காலிலிருந்து வெள்ளைச் செருப்பைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு, தன் காலில் இருந்த தட்டைச் செருப்பை எனக்கு மாட்டிவிட்டு, அவள் வெறும் ஸ்டாக்கிங்ஸோடு நின்றாள். போட்டோவில் பார்த்தால் தெரியும். அதையும் கீழே எழுதுகிறேன்.

எதிர்ச் சுவரில் மறுபடி எழுதிவிட்டார்கள். உன் அறை ஜன்னலுக்கு நேரே தெரியுமே, அந்தச் சுவர்தான். யூத நட்சத்திரம், பக்கத்தில் தூக்குமரம், அடியில் எதிர் க்ளப்பின் பெயர். நீ போய் இத்தனை வருஷத்தில் மாறிய ஒரே விஷயம் பெயின்ட் இப்போது கொஞ்சம் நல்ல தரம், மழைக்குக் கரைவதில்லை. இந்த ஊரில் இரண்டு ஃபுட்பால் க்ளப், இவன் அவனை யூதன் என்பான், அவன் இவனை யூதன் என்பான், இரண்டு பக்கத்திலும் தேடினால் ஒரு யூதன் கிடைக்க மாட்டான். கிடைப்பது மூன்றாவது மாடியில் ஊறுகாய் போடுகிற நான்தான், எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பா வழக்கம்போல, "அது மேட்ச் சமாச்சாரம்மா, உன்ன யாரு சொன்னா, அந்தப் பசங்களுக்கு யூதன்னா யாருன்னே தெரியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்கிற வாக்கியம் அது. அவர் கெட்டவரில்லை, என் அம்மாவுக்குக் கடைசிவரை சூப் ஊட்டிவிட்டவர் அவர். சனிக்கிழமை ஆனால் க்ளப் துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போய்ப் பத்தாயிரம் பேரோடு சேர்ந்து பாடுகிறவரும் அவரேதான். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது, லிட்கா, அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை என்னவென்று உன்னிடம் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, கேட்டால் பத்திரிகைக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை என்பேன். ப்ரூஃப் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு ஆசிரியர் கயெத்தான் கூப்பிட்டு இதைக் கொடுத்தான். பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வாசகர்கள் எழுதுகிற கமெண்டுகளைப் பார்ப்பது. சந்தேகமான வார்த்தை இருப்பதையெல்லாம் மெஷின் தானாக நிறுத்தி ஒரு குவியலாக வைக்கும், நான் திறந்து பார்த்து உள்ளே விடலாம், அல்லது குப்பைத் தொட்டியில் தள்ளலாம். யூதன், கெட்டோ, அடுப்பு, புகை, இந்த மாதிரி வார்த்தை எது வந்தாலும் நிற்கும். பஸ் கட்டணம் ஏறியது என்று செய்தி போட்டால்கூட அடியில் எங்களைப் பற்றி நாலு வரும். முதல் வருஷம் கை நடுங்கியது. ஒருவன் என் அம்மா இருந்த முகாமின் பெயரைப் போட்டு, அங்கே விடுமுறைக்கு அனுப்பணும் இதுகளை என்று எழுதியிருந்தான், அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது வருஷம் எழுத்துப்பிழைதான் கண்ணில் பட்டது, கொல்ல வேண்டும் என்கிறவனுக்கு ஒரு கமா போடத் தெரியவில்லையே என்று எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு எரிச்சலும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது பார், அப்படித்தான். மேலே இரண்டைப் பார்ப்பேன், மீதியும் அதே சரக்குதான் என்று தெரியும், எல்லாவற்றையும் மொத்தமாகக் குறியிட்டு ஒரே தட்டாகத் தட்டிவிட்டு டீ போடப் போவேன். நல்ல வேலைக்காரி என்று பெயர், என் குவியல் எப்போதும் காலியாக இருக்கும்.

இனி அந்த நாள். ஆகஸ்ட் கடைசியில் ராடெகாஸ்ட் ஸ்டேஷனில் பெயர் வாசிப்பது உனக்குத் தெரிந்ததுதான், சின்னப் பெண்ணாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். யூதர்களை அடைத்திருந்த கெட்டோவிலிருந்து முகாமுக்குக் கடைசி ரயில் போன அந்த மேடையில் நின்று அவரவர் வீட்டுப் பெயர்களை அவரவர் வாசிக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். நான் வருஷாவருஷம் மூன்று பெயர் வாசிப்பேன், என் தாத்தா, பாட்டி, என் அம்மாவின் தங்கை ஹிண்டா. ஹிண்டாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு வயது என்பது ஒன்றுதான், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது போனவள், கேட்டால் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இந்த வருஷம் கயெத்தானுக்கு ஒரு யோசனை, நல்ல யோசனைதான், குறை சொல்லமாட்டேன். நிகழ்ச்சியை நேரலையாகப் போடுவோம், வரமுடியாமல் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அடியில் தங்கள் பெயர்களை எழுதட்டும், கடைசியில் மேடையில் இருக்கிற அறிவிப்பாளர் அதையெல்லாம் சேர்த்து வாசிப்பார் என்றான். கமெண்ட் என்றாலே அசிங்கம் என்று ஆகிவிட்டதே, ஒருநாளாவது அது வேறு எதற்காவது பயன்படட்டுமே என்றான். அதற்கு நான் வீட்டில் மெஷின் முன்னால் உட்கார வேண்டும். நீ போனில், அப்படின்னா நீ போகலேன்னா ஹிண்டாவ யாரு வாசிப்பா என்று கேட்டாய். நீ எழுது, நான் உள்ளே விடுகிறேன், அவர்கள் வாசிப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான்.

காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். தாத்தா பாட்டி பெயரை மேடையில் இருந்த தோழி ஒருத்தி எனக்காக வாசிப்பதாகச் சொல்லியிருந்தாள், ஹிண்டா உன் பங்கு. நேரலை தொடங்கியது, பேச்சுகள், மேயர், எங்கள் மதகுரு ரப்பி, பாதிரியார், எல்லாம் நடந்தது. நடுவில் அடுப்பில் ஊறுகாய்க்கான உப்புத் தண்ணீர் பொங்குகிற சத்தம் கேட்டது, எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தவுடன் குவியலைப் பார்த்தேன், எக்கச்சக்கமாக நிறைந்திருந்தது. மேலே இருந்த முதல் கமெண்ட் புகையைப் பற்றி ஒரு ஜோக். இரண்டாவது, மறுபடியும் பணம் பிடுங்க ஆரம்பிச்சுட்டாங்க. மூன்றாவது நான் உனக்கு எழுதமாட்டேன். லிட்கா, நான் யோசிக்கவில்லை, யோசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். கை தானாகப் போய் எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் குறியிட்டுத் தட்டிவிட்டது. பெயரை எழுதுகிறவர்களும் அந்த வார்த்தைகளைத்தானே எழுதுவார்கள், கெட்டோவில் இறந்தவர், யூதத் தையல்காரர், இப்படித்தானே எழுதமுடியும், மெஷின் அவர்களையும் சேர்த்துத்தானே நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது, அந்தக் குவியலில் நல்லது இருந்து நான் பார்த்ததே இல்லை. குவியல் காலியானதும் அடுப்பைப் பார்க்கப் போனேன், தண்ணீர் வற்றியிருந்தது, திட்டிக்கொண்டே வேறு வைத்தேன். மறுபடி வந்து பார்த்தால் குவியல் நிறைந்திருந்தது, மறுபடியும் தட்டினேன்.

கயெத்தான் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டான், "ரெகினாம்மா, இங்க வாசிக்கிறதுக்கு நிக்கிறாரு, பேரு ஒண்ணுகூட வரலையே?" நான் நிதானமாக, யாரும் எழுதவில்லை, அசிங்கம்தான் வந்தது, நீக்கிவிட்டேன் என்றேன். ஒருத்தரும் எழுதலையா என்று கேட்டான், அவன் குரல் விழுந்துவிட்டது, பாவம். இல்லை என்றேன். பிறகு திரையில் அறிவிப்பாளர் மைக் முன்னால் வந்து, வெளிநாட்டிலிருந்து இந்த வருஷம் பெயர் எதுவும் வந்துசேரவில்லை என்றார். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், முடிந்தது. நீ அங்கே சாப்பிடாமல்கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பாய், ஹிண்டா என்று சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் உன் வரி வந்தது. அதைப் படித்துவிட்டு நான் நாற்காலியில் இருந்தபடியே இருந்தேன். திடுக்கிடவில்லை, அழவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கரிந்த பாத்திரத்தைத் தேய்த்தேன். அப்பா வந்து என்ன ஆச்சு என்றார், பாத்திரம் கரிந்துவிட்டது என்றேன்.

மறுநாள் கயெத்தான் சொன்னான், நீக்கியது உடனே அழியாது, தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், ஆனால் எது பெயர் எது அசிங்கம் என்று மெஷினுக்குத் தெரியாது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு என்று. "நீங்க விடுங்க, நாங்க ரெண்டு பேர போட்டுப் பாத்துக்கிறோம்" என்றான். வேண்டாம், நான் தள்ளியது, நானே பொறுக்குகிறேன் என்றேன். அப்படித்தான் அந்த வாரம் முழுக்க மதியத்தில் உட்கார்ந்து அந்தத் தொட்டியை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எதையும் முழுசாகப் படித்தது அப்போதுதான். வேறு வழியில்லை, ஒரு பெயரை எடுக்க ஆறு அசிங்கத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகத் தெரிந்ததால் வாய்விட்டுப் படித்தேன், அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார், காதில் விழத்தானே செய்யும். ஒருவன், 'சேகுளா ரோட்மான், எங்கள் பாட்டி, பொத்தான் தைப்பவள்' என்று எழுதியிருப்பான். அடுத்தவன் எங்களைக் காய்ச்சி எடுத்த சோப்பைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பான். அடுத்து ஒரு குடும்பம் முழுக்க, கைக்குழந்தையோடு சேர்த்து, ப்யூனஸ் அயர்ஸிலிருந்து ஒரு கிழவர் தட்டுத்தடுமாறிப் பழைய பாஷையில் எழுதியது. அடுத்து நாலு வரிப் பாட்டு, நான் படித்துக்கொண்டே போனேன், இரண்டாவது வரியில் அப்பா எழுந்துவிட்டார். அது ஸ்டேடியத்தில் பாடுகிற பாட்டு. அவருக்கு மனப்பாடம். "போதும் ரெகினா" என்றார். முடிக்க வேண்டும், அடுத்தது பெயராக இருக்கலாம் என்றேன், மீதி இரண்டு வரியையும் படித்தேன். அவர் ஜன்னல்பக்கம் போய் நின்றுகொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது பெயர்தான்.

உன்னுடையது மூன்றாவது நாள் கிடைத்தது. மேலே ஒரு அசிங்கம், கீழே ஒரு அசிங்கம், நடுவில் நீ. எழுதியதை அப்படியே காப்பி எடுத்து வைத்திருக்கிறேன், நீ எழுதியதை உனக்கே எழுதுவது பைத்தியக்காரத்தனம், ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. 'என் பாட்டி எஸ்தேராவின் தங்கை ஹிண்டா. யூதச் சிறுமி, ஆறு வயது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பிடிக்க வந்த அன்று, பத்து வயதானவள் என்று சொல்லிக் காப்பாற்றிவிடலாம் என்று பாட்டி தங்கள் அம்மாவின் ஹீல்ஸ் செருப்பில் துணி அடைத்து அவளுக்குப் போட்டுவிட்டாள். முற்றத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஹிண்டா பின்னால் மறைவாகத்தான் நின்றாள். ஆனால் பெரியவர்களின் செருப்பைப் போட்டுக்கொண்ட சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. அதைக் காட்டுவதற்காகத் தானாகவே முன்னால் நடந்து வந்து நின்றாள். பாட்டி இதை ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள். தயவுசெய்து பெயரை வாசியுங்கள்.'

இதை என் அம்மா என்னிடம் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் டாக்டரிடம் பேசப் போயிருந்த நேரமாக இருக்கும், அல்லது டீ வாங்கப் போயிருந்த நேரம். உனக்கு அப்போது பதினைந்து வயது, இத்தனை வருஷம் அதை நீ தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய், முதன்முதலில் வெளியே எழுதியபோது உன் அம்மா அதைக் குப்பையில் தள்ளியிருக்கிறாள். அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், அதுவரை வந்த அதே குரலில்தான் படித்தேன், நடுவில் நிற்கவும் இல்லை. அவர்தான் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அலமாரியிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தேன். என் காலில் அந்தப் பழுப்புத் தட்டைச் செருப்பு, பக்கத்தில் அம்மா ஸ்டாக்கிங்ஸோடு. கஞ்சத்தனம், என் மேல் பொறாமை, பழைய காலத்துப் பத்தாம்பசலி, இப்படி அவளைப் பற்றி நான் உன்னிடம் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், நீ ஒருமுறைகூடச் சேர்ந்து சிரித்ததில்லை, ஏன் என்று நான் கேட்டதில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை, லிட்கா. வந்தது என்று எழுதினால் நீ போனை எடுப்பாய் என்று தெரியும், அதற்காகப் பொய் எழுதமாட்டேன். உள்ளே ஏதோ இருக்கிறது, கை வைத்தால் படவில்லை, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

பெயர்களையெல்லாம் பொறுக்கிக் கொடுத்ததும் கயெத்தான் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் போட்டான். மேலே ஒரு விளக்கம் வேண்டுமே, தொழில்நுட்பக் கோளாறால் விடுபட்டவை என்று எழுதிக் கொண்டுவந்தான். எந்தக் கோளாறு, மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது என்றேன். "ரெகினாம்மா, உங்கள காட்டிக்கொடுக்க மனசு வரல, ஏற்கெனவே ஊரு இருக்கிற இருப்புல" என்று இழுத்தான். நல்ல பையன், எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யலாம் என்று நினைக்கிறவன். நானே எழுதிக் கொடுத்தேன், இந்தப் பெயர்கள் எங்கள் ஊழியரால் படிக்காமல் நீக்கப்பட்டன என்று, அடியில் என் பெயர், என் பிறந்த வீட்டுப் பெயரோடு, ரெகினா போரென்ஷ்டைன். அந்தப் பெயர் எங்கும் அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. காலையில் போஜெனா ப்ளம்ஸ் கேக் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள், புதுக் கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயோ ரெகினா, நீங்க அவங்களா, பாத்தா தெரியவே இல்லையே, எவ்ளோ நல்ல மாதிரி" என்றாள். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டுக் கழுத்துவரை சிவந்துபோனாள். கேக் நன்றாக இருந்தது. அடியில் என் பெயரைப் பார்த்து வேறு சிலரும் இணையத்தில் எழுதினார்கள், நீ நினைக்கிற மாதிரி எழுத்துத்தான், அதை அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பயமா என்று கேட்பாய், இங்கே வந்துவிடு என்று ஆரம்பிப்பாய். பயமும் இல்லை. குடியேற வரமாட்டேன், உன்னிடம் விருந்துக்கு வருவேன்.

மேடையில் வாசிக்காமல் விட்டதை அடுத்த வருஷம் வாசிக்கலாம் என்றான் கயெத்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டிராம் ஏறினேன், அப்பா கேட்காமலே கூட வந்தார். ஸ்டேஷனில் ஒருவருமில்லை, தூறல், காவலாளி மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார், என்ன வேணும் என்றார், கொஞ்சம் வாசிக்க வேண்டும் என்றேன், வாசிங்க என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் குரல் கம்மிவிட்டது, துக்கத்தால் இல்லை, ஈரக் காற்று. அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். "அவரவர் வீட்டுப் பேர அவரவர்தான் வாசிக்கணும்னு சொல்லுவியே, நான் வாசிக்கலாமா" என்று கேட்டார். வாசிங்க என்றேன் காவலாளி மாதிரியே. டிராமில் நிறுத்தம் கூவிப் பழகிய குரல், ஒவ்வொரு பெயரையும் கூவி, ஒருவர் இறங்குவதற்கு ஆகிற நேரம் நிறுத்தி, அடுத்ததைச் சொன்னார். காவலாளி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஹிண்டாவின் பெயர் வந்ததும் அப்பா நிறுத்திவிட்டுப் பத்திரிகையை என் பக்கம் நீட்டினார். நான் வாசித்தேன். ஹிண்டா, ஆறு வயது என்று சொல்லித்தான் பழக்கம், இந்த முறை நீ எழுதியதை முழுசாக வாசித்தேன், செருப்பு, துணி, முன்னால் வந்து நின்றது, எல்லாம். உனக்குக் கொடுத்த வாக்கு அது. நேரத்துக்குச் செய்யவில்லை, செய்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா மேட்சுக்குப் போகவில்லை. முட்டி வலி என்றார். வெயில் அடித்தால் அவருக்கு முட்டி வலிக்காது, அன்று நல்ல வெயில். துண்டு இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை, நான் எதுவும் கேட்கவும் இல்லை. நேற்று ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து மாடிப்படிக்கு என்றார், மாடிப்படி பச்சை. பார்ப்போம். கயெத்தான் என்னை ஓய்வெடுக்கச் சொன்னான், கூட ஒரு ஆளும் போடுகிறேன் என்றான், ஆள் வரட்டும், வேலையை நான் விடவில்லை. உன் கமெண்ட் இப்போது அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது, போய்ப் பார். அதற்கு அடியில் நேற்று ஒருவன் ஹிண்டாவின் செருப்பைப் பற்றி ஒரு ஜோக் எழுதியிருந்தான். முழுசாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் நீக்கினேன், அது ஒன்றை மட்டும். அப்போது கையில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது, முதல் வருஷத்து நடுக்கம் மாதிரி. டீ குடிக்காததால் இருக்கலாம். இருந்தாலும் உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அங்கே வசந்தம் தொடங்கிவிட்டதென்று கம்பளிச் சட்டையை அதற்குள் உள்ளே வைத்துவிடாதே, உனக்குத் தொண்டை கட்டும். கெடாமல் மிஞ்சிய ஊறுகாய் ஜாடிகளை உன் பெயர் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பா அவர் வழக்கப்படி உன் நெற்றியில் சிலுவை போட்டுவிடச் சொல்கிறார், நான் என் வழக்கப்படி தலையில் கை வைக்கிறேன், இரண்டும் உன்னைக் காக்கட்டும், நூறு வயது இரு. போனை எடுக்க வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன், எப்போது மனசு வருகிறதோ அப்போது எடு. ஒன்று மட்டும் மறக்காமல் எழுதி அனுப்பு, அந்தச் செருப்பு என்ன நிறம் என்று என் அம்மா உன்னிடம் சொன்னாளா?

உன் அம்மா,
ரெகினா